விபத்து இடத்தில் யார் பேச்சு எடுபடும்? போலீஸ், பொம்பா, அம்புலன்ஸ்: அதிகாரம் யார் கையில்?

பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் 6 மணி. குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று மண்சாலை ஓரம் சரிந்து கவிழ்கிறது. ஓட்டுநரின் கால், தொடை வரைக்கும், இரும்புக்கு அடியில். ஆள் நினைவோடுதான் இருக்கிறார், பேசுகிறார். யாரோ 999க்கு அழைக்கிறார்கள்.

முதலில் ஓடி வருவது தோட்டத்துக் காவலாளி. பிறகு போலீஸ் ரோந்து கார். அடுத்து பொம்பா வண்டி. கடைசியாக மருத்துவமனை அம்புலன்ஸ். வந்து சேரும் வரிசை மாறலாம். ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும்போது ஆளுக்கொரு கேள்வியோடுதான் நிற்பார்கள்.

போலீஸ்காரர் கேட்பது: எப்படி நடந்தது, யார் பார்த்தது, வண்டி யாருடையது, லைசென்ஸ் இருக்கா? பொம்பா ஆட்கள் பார்ப்பது: எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தால் டிராக்டரைத் தூக்கலாம்? அம்புலன்ஸில் வந்த உதவி மருத்துவ அதிகாரியின் கவலை வேறு. "இப்ப தூக்காதீங்க, நான் முதல்ல டிரிப் போடணும்" என்று அவர் சொல்லக்கூடும்.

கடைசியாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆள் நசுங்கிக் கிடக்கிறார், தூக்காதே என்று ஒரு மருத்துவப் பணியாளர் சொல்வாரா? சொல்வார். நீண்ட நேரம் நசுங்கிய தசையில் பொட்டாசியம் போன்ற பொருள்கள் தேங்கிவிடும். பாரத்தைத் திடீரென்று எடுத்தால் அவை ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால் தூக்குவதற்கு முன்பே நரம்பு வழியாக நீர்ச்சத்து ஏற்றத் தொடங்குவது அவர்கள் படித்த முறை. பொம்பாவுக்கோ, சரிவில் நிற்கும் டிராக்டர் இன்னும் ஒரு அடி நழுவினால் ஆளே போய்விடுவார் என்ற பயம். இரண்டு பேர் சொல்வதும் சரி. முடிவு யார் எடுப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்திருக்கிறது. முழுசாக யாருக்கும் கொடுக்கவில்லை.

1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் காவல்துறைக்குக் கொடுக்கும் வேலை: சட்டம் ஒழுங்கைக் காப்பது, அமைதியைப் பேணுவது, குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது. திடீர் மரணம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி விசாரிக்க வேண்டியதும் அவர்கள்தான்.

1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம் பொம்பாவுக்குக் கொடுக்கும் அதிகாரமும் சின்னது இல்லை. தீ என்று வந்துவிட்டால் பூட்டிய கதவை உடைக்கலாம், சாலையை மூடலாம், எந்த நீர்நிலையிலிருந்தும் தண்ணீர் எடுக்கலாம், வேலைக்கு இடைஞ்சலாக நிற்பவரை அப்புறப்படுத்தலாம். தீ மட்டுமல்ல, மற்ற ஆபத்துகளில் உயிரையும் உடைமையையும் காப்பாற்றும் மனிதாபிமானச் சேவையும் அதே சட்டத்தில் அவர்கள் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது.

அம்புலன்ஸ் குழுவுக்கு? சம்பவ இடத்தில் இன்னாருக்கு உத்தரவு போடலாம் என்று சொல்லும் தனிச்சட்டம் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய பலம் மருத்துவ அறிவுதான். நோயாளியின் உடம்பைப் பொறுத்தவரை அவர்கள் பேச்சுதான் கடைசிப் பேச்சு என்பது நடைமுறை. எழுதிய அதிகாரம் என்று பார்த்தால் மூவரில் இவர்கள்தான் பின்னால் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது தண்டனைச் சட்டத்தின் 186ஆவது பிரிவின்கீழ் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ்காரர் அரசு ஊழியர். பொம்பா வீரரும் அரசு ஊழியர். மருத்துவமனை ஊழியரும் அப்படியே. ஒருவர் இன்னொருவரைத் தடுத்தால் யார் குற்றவாளி என்று அந்தப் பிரிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சம்பளம் கொடுக்கும் அமைச்சும் வேறு வேறு. போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ். பொம்பா வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ். அரசு அம்புலன்ஸ் சுகாதார அமைச்சு. பாம்பு பிடிக்கவும் குளவிக்கூட்டை அகற்றவும் வருகிற பொது தற்காப்புப் படை பிரதமர் துறையின் கீழ். சண்டை வந்தால் பஞ்சாயத்து பேச ஒரே மேலதிகாரி கிடையாது.

பெரிய பேரிடருக்கு விதி தெளிவு

இந்தக் குழப்பத்துக்கு மலேசியா ஒரு பதில் எழுதியது, அதிக விலை கொடுத்த பிறகு. 1993 டிசம்பர் 11ஆம் தேதி சிலாங்கூர், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு புளோக் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். இப்படி ஒரு கட்டட இடிபாட்டைச் சமாளிக்கத் தனிப் பயிற்சி பெற்ற குழு அப்போது நாட்டில் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு 'ஸ்மார்ட்' என்ற சிறப்பு மீட்புக் குழு உருவானது. போலீஸ், பொம்பா, ராணுவம் மூன்றிலிருந்தும் ஆள் எடுத்து ஒரே குழுவாக்கினார்கள். அந்த முடிவிலேயே செய்தி இருக்கிறது.

1997இல் தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு வந்தது. 2012இல் அதைத் திருத்தினார்கள். பேரிடர் நேரத்தில் யார் தலைவர் என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொன்னது: மாவட்ட அளவில் சம்பவ இடத்தின் கமாண்டர் மாவட்ட போலீஸ் தலைவர். அவருக்குத் துணை, அந்த மாவட்டத்தின் மூத்த பொம்பா அதிகாரி. பேரிடர் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் மாவட்ட அதிகாரி. சம்பவம் பெரிதானால் மாநில அளவு, அதற்கும் மேலே மத்திய அளவு. 2015 அக்டோபரில் நாட்மா என்ற தேசிய பேரிடர் நிர்வாக நிறுவனம் தொடங்கப்பட்டு ஒருங்கிணைப்பு வேலை அதன் கைக்குப் போனது.

போலீஸ் எதற்குத் தலைவர், தீயை அணைக்கவும் ஆளைத் தோண்டி எடுக்கவும் தெரிந்தவர் பொம்பாதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கமாண்டர் என்றால் அவர் மண்வெட்டி பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த உத்தரவின் எண்ணம். சாலையை மூடுவது, கூட்டத்தை விலக்குவது, யார் உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பது, இறந்தவர் யார் என்று பதிவு செய்வது எல்லாம் போலீஸ் வேலை. உள்ளே மீட்பு வேலையை எப்படிச் செய்வது என்பதில் தலையிடுவது அவர் வேலை இல்லை.

அதனால்தான் இடத்தை மூன்று வளையமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு வளையத்தில் மீட்பு வேலை. மஞ்சள் வளையத்தில் கட்டுப்பாட்டுச் சாவடியும் மருத்துவத் தளமும். பச்சை வளையத்தில் குடும்பத்தினர், தொண்டூழியர்கள், எங்களைப் போன்ற ஊடகக்காரர்கள். டிவியில் நிருபர் எப்போதும் ஏதோ ஒரு கயிற்றுக்கு வெளியே நின்றே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சின்ன விபத்தில்தான் சிக்கல்

இந்த ஏற்பாடு நிலச்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் ரயில் விபத்துக்கும் எழுதப்பட்டது. பகாவ் தோட்டத்தில் கவிழ்ந்த டிராக்டர் பேரிடர் இல்லை. மாவட்ட போலீஸ் தலைவர் அதற்காகப் புறப்பட்டு வரப்போவதில்லை. வருவது ஒரு கான்ஸ்டபிளும் ஒரு கார்ப்பரலும், பொம்பா நிலையத்திலிருந்து ஒரு வண்டி ஆட்கள், அம்புலன்ஸில் இரண்டு மூன்று பேர். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நடைமுறைக் கையேடு. மூன்றையும் இணைப்பது பழக்கம்தான், சட்டம் இல்லை.

அந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க பொம்பாவின் ஊடக அறிக்கைகளைப் படித்தால் போதும். செய்தி அறையில் இருக்கிற எங்களுக்கு இது மனப்பாடம். அழைப்பு வந்த நேரம், எந்த நிலையத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எந்தக் கருவியைக் கொண்டு சிக்கியவரை வெளியே எடுத்தார்கள் என்று வரும். அடுத்த வரியில், சுகாதார அமைச்சின் மருத்துவப் பணியாளர்கள் இறப்பை உறுதிப்படுத்தினார்கள் என்று வரும். கடைசி வரி: உடல் மேல் நடவடிக்கைக்காகப் போலீஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மூன்று வரியில் மூன்று கை மாறுகிறது. பொம்பா எடுக்கிறது, மருத்துவம் சொல்கிறது, போலீஸ் கொண்டுபோகிறது. உயிர் போய்விட்டது என்று மருத்துவப் பணியாளர் சொல்லும் வரைக்கும் அவர் நோயாளி. சொன்ன நொடியிலிருந்து அது போலீஸ் வழக்கு. இறந்தவர்களை அம்புலன்ஸ் ஏன் ஏற்றிக்கொண்டு போவதில்லை, 'பிளாக் மரியா' வேனுக்காக ஏன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று தோட்டத்துக் குடும்பங்கள் கோபப்படுவது உண்டு. கோபம் புரிகிறது. அம்மா வெயிலில் உட்கார்ந்து அழும்போது மகனின் உடலை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு அம்புலன்ஸ் திரும்பிப் போவதைப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அந்த அம்புலன்ஸ் அடுத்த அழைப்புக்குப் போக வேண்டிய வண்டி. தோட்டப்புறத்தில் ஒரு வண்டி கட்டுண்டு நின்றால் அடுத்தது எங்கேயோ தூரத்திலிருந்துதான் வர வேண்டும்.

தோட்டத்தில் நான்காவது அதிகாரி

சிரம்பான் டவுனில் நடக்கும் விபத்துக்கும் ரந்தாவ், லிங்கி, ரொம்பின் பக்கத்துத் தோட்டத்தில் நடக்கும் விபத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. தோட்டச் சாலை பொதுச்சாலை இல்லை. குலைத் திருட்டைத் தடுக்க தடுப்புக் கேட் போட்டிருப்பார்கள். காவலாளி இருப்பார். சில பெரிய நிறுவனங்களில் துணைப் போலீஸே இருக்கும். ராத்திரியில் பின்கேட்டுக்குச் சங்கிலி. உள்ளே வழிகாட்ட பெயர்ப்பலகை கிடையாது, புளோக் எண்தான். கைப்பேசி வரைபடத்தில் வெறும் பச்சை நிறம் தெரியும், அவ்வளவுதான்.

ஆக மூன்று சீருடைக்கு மேலே தோட்ட நிர்வாகம் என்று நாலாவது அதிகாரமும் சேர்கிறது. பழைய நாளில் தோட்டத்து 'டிரசர்' இருந்தார், டிஸ்பென்சரி இருந்தது. முதலுதவி அவர் கையில். இன்றைக்குப் பல தோட்டங்களில் லயத்தில் மிச்சம் இருப்பது ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்கள் சில, மற்றபடி வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த டிஸ்பென்சரி கட்டடம் பூட்டிக் கிடக்கிற தோட்டங்கள் எனக்கே தெரியும்.

வேலையிட விபத்து என்றால் இன்னொரு துறையும் வரும்: மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. மரணமோ கடுமையான காயமோ ஏற்பட்ட இடத்தை அதிகாரி வந்து பார்க்கும்வரை கலைக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 'எதையும் தொடாதே' என்று மேனேஜரோ போலீஸ்காரரோ கத்துவதற்கு இந்த மாதிரி விதிகள்தான் பின்னணி. ஆனால் அதே விதியில் விலக்கும் இருக்கிறது: உயிரைக் காப்பாற்றவும் வேதனையைக் குறைக்கவும் தேவையான அளவு கலைக்கலாம். விதியின் முன்பாதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பின்பாதி பதற்றத்தில் மறந்துபோகிறது.

சீஃபீல்டில் நடந்தது

அதிகார எல்லை என்ற விஷயம் மலேசியத் தமிழர்களுக்கு வெறும் விதிமுறைப் பேச்சு இல்லை. 2018 நவம்பர் 27ஆம் தேதி அதிகாலை, சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 25இல் சீஃபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் முன்பு கலவரம். கோயில் இடமாற்றத் தகராறுதான் பின்னணி. எரிந்துகொண்டிருந்த வாகனங்களைப் பற்றி வந்த அழைப்புக்குப் புறப்பட்ட பொம்பா குழுவில், அவசர மருத்துவ மீட்பு வேனில் இருந்தவர் 24 வயது முகமட் அடிப் முகமட் காசிம். கடுமையாகக் காயமடைந்த அவர் டிசம்பர் 17ஆம் தேதி தேசிய இருதயக் கழகத்தில் இறந்தார்.

ஷா ஆலாமில் நடந்த மரண விசாரணை 2019 செப்டம்பர் 27ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அடையாளம் தெரியாத இருவருக்கும் மேற்பட்டவர்களின் குற்றச்செயலால் ஏற்பட்ட மரணம் என்று தீர்ப்பு. நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவரத் தவறியது பற்றிக் காவல்துறை மீதும் விசாரணையில் விமர்சனம் வந்தது.

இந்தச் சம்பவத்தைச் சுற்றி இனப்பேச்சு நிறைய நடந்தது. அந்தச் சத்தத்தில் காணாமல் போன கேள்வி ஒன்று: கூட்டம் இன்னும் கலையாத இடத்துக்குள் பொம்பா வண்டி போகலாம் என்று முடிவெடுப்பது யார்? அழைப்பு பொம்பாவுக்கு வந்தது, அவர்கள் போனார்கள். அது அவர்கள் கடமை. பாதுகாப்பான இடமா இல்லையா என்று சொல்ல வேண்டிய துறை வேறு. இரண்டு துறைக்கும் நடுவில் 'இப்ப போகாதீங்க' என்ற ஒரு வாக்கியம் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். என்னைக் கேட்டால், அதிகார மோதல் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இரண்டு பேர் கத்திச் சண்டை போடுவதைவிட, இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதிகம் உயிரை வாங்குகிறது.

போகாமல் நின்றால்?

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. 2017 மே 22ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறும்போது குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தோடு இன்னும் ஆட்கள் இருக்கலாம் என்று போலீஸ் தரப்பு கருதியது. ஆனால் அப்படிக் கருதி அறிவித்ததையே தீயணைப்புக்கும் அம்புலன்ஸுக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தீயணைப்புக் குழுக்கள் மூன்று மைல் தள்ளி ஒரு நிலையத்தில் கூடிக் காத்திருந்தன. அவர்கள் அரங்குக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. குண்டு வெடித்த அறைக்குள் போன அம்புலன்ஸ் பணியாளர்கள் மொத்தமே மூன்று பேர்.

2022 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கை மூன்று சேவைகளும் சேர்ந்து வேலை செய்யத் தவறியதை அடுக்கடுக்காகச் சொன்னது. இறந்தவர்களில் ஒருவர், சிகிச்சை நேரத்துக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அங்கே கூட்டுச் செயல்பாட்டுக்கு நல்ல கையேடு ஏற்கனவே இருந்தது. பயிற்சியும் நடந்திருந்தது. ஆனாலும் அந்த ராத்திரி கையேடு கையேடாகவே இருந்துவிட்டது.

நேரடிச் சண்டை வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 2014 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் நெடுஞ்சாலை விபத்து. தீயணைப்பு வண்டியை நகர்த்தச் சொன்னார் ரோந்துப் போலீஸ்காரர். நகர்த்த மாட்டேன், என் ஆட்களை வேகமாக வரும் கார்களிலிருந்து மறைப்பதே அந்த வண்டிதான் என்றார் தீயணைப்பு வீரர். கைவிலங்கு மாட்டி போலீஸ் காரில் உட்கார வைத்துவிட்டார்கள். டிவி கேமரா எதிரே. குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை, இரண்டு துறைத் தலைவர்களும் பிறகு உட்கார்ந்து பேசினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் பயந்தது ஒரே விஷயத்துக்குத்தான்: பின்னால் வரும் வண்டி மோதிவிடும் என்று. போலீஸுக்கு நெரிசல் சீக்கிரம் தீர்ந்தால் பாதுகாப்பு. பொம்பாவுக்கு வண்டி குறுக்கே நின்றால் பாதுகாப்பு. சிரம்பான் வழியே ஓடும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் பொம்பா வண்டி கோணலாக, இரண்டு வழித்தடத்தை மறித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை.

காயம் முதலா, ரிப்போர்ட் முதலா?

'போலீஸ் ரிப்போர்ட் இல்லாம ஆஸ்பத்திரியில பார்க்க மாட்டாங்க' என்று இன்னும் நம்பும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் ஒரு காலத்தில் அது உண்மையாகவே நடந்தது. விபத்து என்றாலே போலீஸ் கேஸ், அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போ என்று திருப்பி அனுப்புவார்கள். 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: உயிரைக் காப்பது முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. காயம்பட்டவர் குற்றவாளியாக இருந்தாலும் சரி.

மலேசியாவில் அவசரப் பிரிவுக்குள் நுழைய போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. காப்பீட்டுக்கும் சொக்சோ கோரிக்கைக்கும் பிறகு தேவைப்படும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேடுவதா, விசாரிப்பதா?

நெகிரி செம்பிலானில் உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 2019 ஆகஸ்ட் 4ஆம் தேதி, சிரம்பான் அருகே பந்தாயில் ஒரு காட்டோரத் தங்கும் விடுதியிலிருந்து வெளிநாட்டுக் குடும்பத்தின் 15 வயது மகள் காணாமல் போனார். போலீஸ் தலைமையில் பொம்பா, பொது தற்காப்புப் படை, ஓராங் அஸ்லி வழிகாட்டிகள், தொண்டூழியர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். பத்தாவது நாள் உடல் கிடைத்தது, கண்டுபிடித்தது தொண்டூழியர்கள். 2021 ஜனவரியில் மரண விசாரணை இதை விபத்து என்றது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, காரணம் உறுதியாகச் சொல்ல முடியாத மரணம் என்று மாற்றியது.

இதில் பொம்பாவுக்கும் போலீஸுக்கும் சண்டை எதுவும் இல்லை. இருந்தும் இதைச் சொல்லக் காரணம், ஒரே துறைக்குள்ளேயே இந்த இழுபறி இருக்கிறது என்பதுதான். தேடுவது என்றால் எவ்வளவு பேர் காட்டுக்குள் போகிறார்களோ அவ்வளவு நல்லது. குற்ற விசாரணை என்றால் எவ்வளவு குறைவான கால்தடம் படுகிறதோ அவ்வளவு நல்லது. கடத்தலாக இருக்கலாம் என்று குடும்பம் ஆரம்பத்திலிருந்தே சொன்னது. வழிதவறிப் போயிருக்கலாம் என்ற கோணத்தில் தேடல் நடந்தது. எந்தத் தொப்பியை முதலில் மாட்டுவது என்ற தேர்வு, பிறகு என்ன தடயம் மிஞ்சும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

நீங்கள் அங்கே இருந்தால்

தோட்டத்தில் 999க்கு அழைப்பது பெரும்பாலும் வீட்டில் மலாய் சரளமாகப் பேசுகிற ஆள்தான். அதாவது, இதைப் படிக்கிற உங்களில் ஒருவர். அழைப்பு முதலில் ஒரு பொதுவான மையத்துக்குப் போகும், அங்கிருந்து போலீஸுக்கோ பொம்பாவுக்கோ மருத்துவமனைக்கோ மாற்றுவார்கள். அந்த முதல் ஆளிடமே 'ஆள் சிக்கியிருக்கார், மூச்சு இருக்கு' என்று சொன்னால் பொம்பாவும் அம்புலன்ஸும் இரண்டுமே வேண்டும் என்பது புரிந்துவிடும். வெறும் 'எக்சிடென்' என்று சொன்னால் எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாது.

இடத்தைச் சொல்லும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், புளோக் எண், எந்தக் கேட் வழியாக வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அடையாளத்துக்கு மாரியம்மன் கோயிலோ தமிழ்ப்பள்ளியோ இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆனால் பொம்பா ஓட்டுநருக்கு அந்தக் கோயில் தெரிந்திருக்காது. மோட்டார் சைக்கிளில் ஒருவர் பெரிய சாலை சந்திப்புக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பது வரைபடத்தைவிட மேல்.

அவர்கள் வந்த பிறகு யார் பேச்சைக் கேட்பது? சாலையிலிருந்து தள்ளி நில் என்று போலீஸ் சொன்னால் தள்ளி நில்லுங்கள். வண்டியைத் தொடாதே என்று பொம்பா சொன்னால் தொடாதீர்கள். காயம்பட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அம்புலன்ஸ் ஆள் சொன்னால், பாட்டி எவ்வளவு கெஞ்சினாலும், கொடுக்காதீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால்? உள்ளே சிக்கியிருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதைச் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். 'டியா மாசே இடோப், ஞ்சே' என்ற ஒரு வரி போதும். உயிர் இருக்கும்வரை அது மீட்பு வேலை, வழக்கு இல்லை என்பது மூன்று துறைக்கும் தெரிந்த விஷயம். பதற்றத்தில் யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.

போலீஸ்காரர் உங்களிடம் வாக்குமூலம் கேட்டால், அடிபட்டவர் உங்கள் அப்பாவாகவோ தம்பியாகவோ இருந்தால், முதலில் அம்புலன்ஸில் கூடப் போகிறேன், எந்த மருத்துவமனை என்று சொல்லுங்கள், அங்கே வாருங்கள் என்று கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பகாவ் பக்கம் என்றால் ஜெம்போல் அல்லது கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை. நிலைமை மோசம் என்றால் சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மலைப்பாதை இருக்கிறது, நேரம் எடுக்கும்.

இன்னொரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளலாம். தோட்ட அலுவலகம் பூட்டிய பிறகு பின்கேட் சாவி யாரிடம் இருக்கிறது, அவருடைய கைப்பேசி எண் என்ன? காவலாளியிடமா, மண்டோரிடமா, மேனேஜர் வீட்டிலா? லயத்தில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும் என்றால், அடுத்த தோட்டக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.